பலம் என்றால் பேரேட்டில் தெரிய வேண்டும்

தொழில் கேள்வி–பதில்: ஆடிட்டர் ஆச்சி, காரைக்குடி

போன இதழில் ஒரு வாசகருக்கு 'ஸ்வாட்' பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொழிலுக்கு உள்ளே இருக்கும் பலம், பலவீனம், வெளியே இருக்கும் வாய்ப்பு, ஆபத்து. இந்த நாலையும் நாலு கட்டத்தில் எழுதி, அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் ஸ்வாட்.

ஆச்சிக்கு வணக்கம். நானும் என் ஓரகத்தியும் கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறோம். கலியாணச் சீர், தீபாவளி, சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் என்று ஆர்டருக்குக் குறைவில்லை. சென்னையில் கடை போடலாமா என்று யோசிக்கிறோம். எம்.பி.ஏ. படிக்கும் மகன் ஸ்வாட் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறான். நாலு கட்டத்திலும் சேர்த்து நாற்பது வரிக்கு மேல் இருக்கிறது. எல்லாமே சரி என்றுதான் படுகிறது. ஆனால் கடை போடலாமா வேண்டாமா என்பது மட்டும் அதில் தெரியவில்லையே?
— ஒரு வாசகி, கோட்டையூர்

தெரியாது, அம்மா. 'நம் தொழில் எப்படி இருக்கிறது' என்ற கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு தம்பி எழுதியிருக்கிறான். அதற்கு நாற்பது என்ன, நானூறு வரிகூட எழுதலாம். சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டு, புதுத் தாளின் தலைப்பில் கேள்வியை எழுதச் சொல்லுங்கள்: 'வருகிற தைக்குள் சென்னையில் வாடகைக்குக் கடை எடுப்பதா?' இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத வரியெல்லாம் போகட்டும். கட்டத்துக்கு ஐந்து வரி மிஞ்சினால் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பலம் என்று முதலில் இருப்பது 'பாரம்பரியச் சுவை', அடுத்தது 'தரம்'. காரைக்குடியிலிருந்து சென்னை வரை பலகாரக் கடைப் பலகைகளில் எல்லாம் இருக்கிற வார்த்தைகள் இவை. உங்கள் சுவையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது தொழிலின் பலமா என்று சொல்ல வேண்டியவர் காசு கொடுத்து வாங்குகிறவர். போன வருஷத்து ஆர்டர் நோட்டை எடுங்கள். மூத்த மகள் கலியாணத்துக்கு வாங்கியவர்கள் இளைய மகளுக்கும் உங்களிடமே வந்தார்களா? கடை விலையைவிட நீங்கள் கூடுதலாகச் சொன்னபோதும் பேரம் பேசாமல் வாங்கியவர்கள் யார்? பார்சல் செலவைத் தாங்களே ஏற்று வெளியூரிலிருந்து வரவழைத்தவர்கள் எத்தனை பேர்? அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதினால் பலம் தானாகத் தெரியும். என் கணிப்பு, 'கலியாண வீட்டார் நம்மை நம்புகிறார்கள்' என்ற வரிதான் மிஞ்சும். நல்ல பலம்தான். ஆனால் சென்னையில் தெருவோடு போகிறவர் கடைக்குள் நுழைவதற்கு அது உதவாது. அவருக்கு உங்களைத் தெரியாது.

பலவீனத்தில் 'ஆள் பற்றாக்குறை' என்று இருக்கிறது. இப்படிப் பொதுவாக எழுதினால் மருந்து தேட முடியாது. எந்தப் பலகாரத்துக்கு ஆள் இல்லை? தேன்குழல் அச்சில் பிழிவது. சொல்லிக் கொடுத்தால் யாரும் பிழிவார்கள். கைமுறுக்கு அப்படி அல்ல. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைத் திருகிக்கொண்டே துணியில் வட்டம் வட்டமாக இறக்க வேண்டும். திருகு ஒரே சீராக வர வேண்டும், நடுவில் அறக்கூடாது. சீர்த் தட்டில் வைக்கும் பெரிய முறுக்கைச் சுற்றுகிற கை உங்கள் வீட்டில் எத்தனை இருக்கிறது, அந்தக் கைகளுக்கு என்ன வயசு? இதைத்தான் எழுத வேண்டும். எழுதியவுடனே அடுத்து யாருக்குப் பழக்கிவிட வேண்டும் என்ற பேச்சு அங்கேயே வந்துவிடும்.

'வெப்சைட் தொடங்கலாம்', 'இன்ஸ்டாகிராமில் போடலாம்' என்பவற்றைத் தம்பி வாய்ப்புக் கட்டத்தில் வைத்திருக்கிறான். அநேகமாக எல்லோருமே இப்படித்தான் எழுதுகிறார்கள். இவை நீங்கள் செய்யப்போகும் வேலைகள். வாய்ப்பு என்பது, உங்கள் தொழில் நாளைக்கே நின்றுவிட்டாலும் வெளியே இருந்துகொண்டிருப்பது. சென்னையில் குடியேறிவிட்ட நம் பக்கத்துக் குடும்பங்களில் வீட்டில் பலகாரம் சுடுவது குறைந்துவிட்டது. ஆனால் கலியாணத்துக்குச் சீர் வைப்பது குறையவில்லை. அது வாய்ப்பு. ஆபத்துக்கும் இதே உரைகல்தான். எண்ணெய் விலை ஏறுவது ஆபத்து. கடன் வாங்கி வைத்திருப்பது பலவீனம்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கட்டங்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். ஹைன்ஸ் வைரிக் என்ற பேராசிரியர் 1982ல் இதை ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தார். எந்தப் பலத்தை வைத்து எந்த வாய்ப்பைப் பிடிப்பது, எந்தப் பலத்தால் எந்த ஆபத்தைத் தடுப்பது, எந்த வாய்ப்பைக் கொண்டு எந்தப் பலவீனத்தைச் சரிசெய்வது, எந்தப் பலவீனமும் ஆபத்தும் சேர்ந்தால் நம்மைக் கவிழ்க்கும் என்று ஜோடி ஜோடியாகப் பார்ப்பது. உங்கள் விஷயத்தில், கலியாண வீட்டாரின் நம்பிக்கை பலம், சென்னைக் கலியாணங்கள் வாய்ப்பு. இரண்டையும் கோத்தால் கடையே தேவைப்படவில்லை. ஆர்டரை இங்கே எடுத்து, இங்கே செய்து, மண்டபத்துக்கு அனுப்பினால் போதும். இன்னொரு ஜோடி: முறுக்குச் சுற்றுகிற கை குறைவு, தீபாவளி நெரிசலோ அதிகம். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரே ஒரு தீபாவளியில் பெயர் கெட்டுவிடும். ஆகவே கைமுறுக்குக்கு மட்டும் இத்தனை கிலோதான் என்று இப்போதே வரம்பு கட்டுங்கள்.

என் பதில் கேட்டால், இப்போது கடை வேண்டாம். ஒரு வருஷம் சென்னை ஆர்டர்களுக்கு மட்டும் தனி நோட்டுப் போட்டு, பார்சல் செலவு, உடைசல், திரும்பி வந்தது எல்லாம் எழுதுங்கள். முடிவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் என்று இருக்கட்டும். இந்த மூன்றும் இல்லாத வரியை முடிவாக நான் ஏற்பதில்லை.

தேவகோட்டையில் மூன்று தலைமுறையாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறோம். குடும்பத்தோடு உட்கார்ந்து ஸ்வாட் போட்டோம். அப்பச்சி ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், நாங்கள் எழுதிக்கொண்டோம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பலவீனத்தில் 'இடம் போதவில்லை' என்பது மட்டும்தான் இருக்கிறது. இதுதான் முறையா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

நம் வீடுகளில் பெரியவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். உட்காருகிற முறையை மாற்றுவோம், தம்பி.

உட்காருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்துவிடுங்கள். பங்காளிகளுக்கு மட்டுமல்ல, கணக்குப்பிள்ளை, கல்லாவில் நிற்கிற பையன், வண்டி ஓட்டுகிறவர், சாமான் இறக்குகிறவர் எல்லோருக்கும். இரண்டு பலம், இரண்டு பலவீனம், ஒவ்வொன்றுக்கும் கடையில் நடந்த ஒரு சம்பவம். பெயர் போட வேண்டாம். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் சீட்டுகளை வாங்கி எல்லாவற்றையும் வாசிக்கட்டும். அப்பச்சி கடைசியாகப் பேசட்டும். அதற்குள் அவர்கள் முன்னால் எல்லாம் வந்திருக்கும். அனுபவப்பட்டவர்கள், எது பெரிது எது சிறிது என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு குடும்பத்துக்கு இப்படி உட்கார்ந்து கொடுத்தேன். பேசியவர்கள் எல்லாரும் விளம்பரம் போதவில்லை என்றார்கள். ஒரு சீட்டில் மட்டும், 'அரை லிட்டர் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் போய்விடுகிறார்கள்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. எழுதியது கல்லாவில் உட்காருகிற மருமகள். புதிதாக வருகிறவர் செக்கு எண்ணெய் விலையைப் பார்த்துவிட்டு, முதலில் கொஞ்சமாக வாங்கிப் பார்க்கத்தான் நினைப்பார். அவர்களிடம் இருந்ததோ ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் மட்டும். விளம்பரத்துக்கு ஒதுக்கியிருந்த பணம் சின்னப் பாட்டிலுக்குப் போனது.

இன்னும் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்களிடம் வாங்கிக்கொண்டிருந்து நின்றுபோன ஒரு காண்ட்ராக்டரை அழைத்து, காபி கொடுத்து, ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) மேசையில் வையுங்கள். வர வேண்டிய பாக்கியை, எத்தனை நாளாக நிற்கிறது என்று பிரித்து எழுதுங்கள். ஒரு வருஷமாக நகராத சரக்கைத் தனியாகக் கூட்டுங்கள். தூங்குகிற சரக்கைப் பலவீனம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வாங்கிப் போட்டவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். பேரேடு சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. ஒருவேளை இடம் போதாததற்குக் காரணமே அந்தச் சரக்காக இருக்கலாம்.

ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்) போடும் பட்டறை வைத்திருக்கிறேன். 'கையால் செய்வது' என்பதைப் பலத்தில் எழுதினேன். என் மாப்பிள்ளை அதையே பலவீனத்தில் எழுதுகிறார். நேரம் ஆகிறதாம், இரண்டு கல் ஒரே மாதிரி இல்லையாம். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், ஆத்தங்குடி

இரண்டு பேருமே சரி. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் இதைத் தீர்க்க முடியாது.

வெளியூர் வாசகர்களுக்காக: ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது, பாலிஷும் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, பூ வடிவத்துக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவிட்டு, தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பார்கள். கண்ணாடியைப் பிரிக்கும்போதே பளபளப்பு வந்துவிடும். பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கரண்டி கொஞ்சம் சாய்ந்தால் இதழ் கொஞ்சம் வளைகிறது. அந்த வளைவுக்காகவே காசு கொடுக்கிறவர் இருக்கிறார். அது கூடாது என்கிறவரும் இருக்கிறார்.

இருநூறு வீடு கட்டுகிற பில்டருக்குத் தேதி முக்கியம், ஒரே அளவு முக்கியம். அவருக்கு முன்னால் உங்கள் கை பலவீனம். அதே பூவை இயந்திரத்தில் அச்சடித்த டைல் அவருக்குப் போதும், அதோடு விலையில் போட்டியிட உங்களால் முடியாது. சொந்த வீடு கட்டுகிறவர், பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர், விடுதி கட்டும் ஆர்க்கிடெக்ட் என்று வந்தால் அதே கை பலம். ஒரு தாளில் 'பில்டர்' என்று தலைப்பிட்டு ஒரு ஸ்வாட், இன்னொன்றில் 'ஆர்க்கிடெக்ட்' என்று தலைப்பிட்டு ஒரு ஸ்வாட் போடுங்கள். மாப்பிள்ளை ஒன்றை எழுதட்டும், நீங்கள் ஒன்றை எழுதுங்கள். என் மனசு ஆர்க்கிடெக்ட் பக்கம்தான்.

ஆனால் அங்கே வேறு ஒரு பலவீனம் காத்திருக்கிறது: பதிக்கிற கொத்தனார். கையால் செய்த கல்லின் கனம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். சாதாரண டைல் பதித்துப் பழகிய கை அதைச் சமமாக வைக்கத் திணறும். அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் கல்லின் முகமே போய்விடும். பழி உங்கள் பட்டறைக்கு வரும். பதிக்கத் தெரிந்தவரைக் கல்லோடு சேர்த்து அனுப்ப முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

பாக்கி வராமல் இழுக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. அடுத்த பில்லிலேயே பதிவு எண்ணைப் போட்டுவிடுங்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டை விடுதியாக மாற்ற ஆசை. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014லேயே சேர்ந்துவிட்டன, சுற்றுலா வளர்கிறது. பங்காளிகளில் இருவர் மட்டும் வெளிநாட்டில் இருந்துகொண்டு பிடி கொடுக்காமல் பேசுகிறார்கள். ஸ்வாட்டில் வாய்ப்பு ஒன்பது, பலவீனம் ஒன்றுதான் வந்திருக்கிறது. துணிந்து இறங்கலாமா?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அந்த ஒன்று, பங்காளிகளின் கையெழுத்து. அது இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காது, முறையான குத்தகைப் பத்திரம் எழுத முடியாது, போட்ட பணத்துக்குப் பாதுகாப்பும் கிடையாது. இப்படி எல்லாவற்றையும் நிறுத்தக்கூடிய வரி இருந்தால் மற்றதை மூடி வைத்துவிட்டு அதை மட்டும் பாருங்கள். முன்னோருக்குப் படைக்கும் அடுத்த படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது பேசி, லாபத்தில் யாருக்கு என்ன பங்கு, பழுதுச் செலவு யாருடையது, சாமி வீட்டு அறையை வருஷத்தில் எந்த நாட்களில் குடும்பத்துக்கு விட வேண்டும் என்பது வரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.

நான் காரைக்குடியில் வணிகவியல் படிக்கிறேன். பர்மாவில் கடன் கொடுக்கும் தொழில் செய்த நம் செட்டிநாட்டு முன்னோர்கள் ஸ்வாட் போட்டிருந்தால் சொத்தை இழந்திருக்கமாட்டார்கள் என்று வகுப்பில் ஒரு வாதம் நடந்தது. உங்கள் கருத்து என்ன?
— ஒரு மாணவி, காரைக்குடி

எங்கள் ஐயா பர்மாவின் மோல்மேன் நகரில், மேலாளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளாக இருந்தவர்கள். இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

அவர்கள் கணக்கில் குறை சொல்ல இடமில்லை. பெட்டியடி என்ற கடைநிலைப் பையனில் தொடங்கி மேலாள் என்ற கடைத் தலைவர் வரை படிப்படியாகப் பழகிய ஆட்கள், மூன்று வருஷக் கணக்கு, சொந்தத்துக்குள்ளேயே முதல், வாக்குத் தவறாத உண்டியல் (பணம் தரச் சொல்லி எழுதும் சீட்டு). பலக் கட்டம் நிறைந்துதான் இருந்தது. ஆனால் கடன் கொடுத்தது பெரும்பாலும் நெல் விளைகிற நிலத்தின் பேரில். 1930ல் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்தபோது உழவரால் வட்டி கட்ட முடியவில்லை, அடமானம் நிலமாகக் கைக்கு வந்தது. அந்த வருஷம் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1937 வாக்கில் அது கால் பங்குக்கு வந்துவிட்டது. அவர்கள் கேட்டது பணம், வந்தது நிலம். 1942ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். 1948ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது.

பலத்தையும் ஆபத்தையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதிவிட்டு விடுவது போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பலத்துக்கும் எதிரே, வெளியே எது மாறினால் இதே பலம் நமக்கு எதிராகத் திரும்பும் என்று கேட்க வேண்டும். நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிந்தோம் என்பதும் அந்த ஆபத்துக் கட்டத்தில் இருக்க வேண்டிய வரி. அதை அன்றைக்கு எழுதியிருந்தாலும் ஜப்பான் படை நின்றிருக்காது. ஆனால் முதலைப் பிரித்து வைக்கிற யோசனை பலருக்கு முன்பே வந்திருக்கும். அப்படிப் பரந்து யோசித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1937 பிப்ரவரி 10ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கினார். அந்நியச் செலாவணியும் கடல்கடந்த வங்கித் தொழிலும்தான் நோக்கம். அதே வருஷம் ஏப்ரலில்தான் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. உங்கள் வகுப்பில் அடுத்த முறை இந்த இரண்டு தேதிகளையும் பலகையில் எழுதி வைத்துவிட்டு விவாதியுங்கள்.

ஸ்வாட்டைக் கண்டுபிடித்தவர் யார்? அதனால் உண்மையிலேயே பயன் உண்டா?
— ஒரு வாசகர், சிவகங்கை

1960களில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான திட்டமிடும் முறையிலிருந்து வளர்ந்தது. ஆல்பர்ட் ஹம்ப்ரி பெயரைத்தான் அதிகம் சொல்வார்கள். அங்கே ராபர்ட் ஸ்டூவர்ட் தலைமையில் ஒரு குழுவே இதில் உழைத்தது. பயனைப் பொறுத்தவரை, டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் என்ற இருவர் பிரிட்டனில் 20 கம்பெனிகள் போட்ட ஸ்வாட்டுகளை எடுத்துப் பார்த்து 1997ல் எழுதினார்கள். நீளமான பட்டியல், பொதுவான வார்த்தைகள், எது முக்கியம் என்ற வரிசை கிடையாது, சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. பட்டியலைப் பிறகு எடுத்து வைத்து முடிவெடுத்த கம்பெனி ஒன்றுகூட இல்லை. கோட்டையூர் அம்மாவின் சுவரில் இருந்ததும் அதே பட்டியல்தான். மேலே நான் சொன்னதையெல்லாம் செய்தால் பயன் உண்டு.

செல்போனில் ஏ.ஐ.யிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் ஸ்வாட் தருகிறது. எங்கள் மசாலாப் பொடித் தொழிலுக்கு அது கொடுத்ததை இணைத்திருக்கிறேன். இது போதாதா ஆச்சி? பி.கு.: மதுரையில் இரண்டு கடைகள் இந்த மாதம் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டன. அதற்கும் ஏதாவது யோசனை சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், பள்ளத்தூர்

வெளிக்கட்டங்கள் இரண்டுக்கும் அதைத் தாராளமாகக் கேளுங்கள், தம்பி. மிளகாய் வரத்து, லேபிள் விதி, பண்டிகைக் காலம் என்று நாம் மறந்துபோனதை ஞாபகப்படுத்தும். ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்கட்டங்களில் அது கொடுத்திருப்பது 'உயர்தர மூலப்பொருள்', 'பாரம்பரியச் செய்முறை', 'குறைந்த விளம்பரம்'. தாளில் உங்கள் கம்பெனிப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். எந்த ஊர் மசாலாக் கம்பெனிக்கும் பொருந்தும். பெயரை மறைத்தாலும் 'இது நம்முடையது' என்று தெரிகிற வரியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட வரி ஒன்றே ஒன்று இருக்கிறது. பி.கு.வில் இருக்கிறது. திரும்பி வந்த பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அரைத்த தேதியைப் பார்த்து, எந்த லாட் என்று பிரித்து வையுங்கள். ஒரே லாட்டாக இருந்தால் அன்றைக்கு மல்லி எங்கே வாங்கியது, எத்தனை நாள் காய்ந்தது, யார் அரைத்தது என்று நோட்டில் பாருங்கள். பல லாட்டுகளாக இருந்தால் பாக்கெட் ஒட்டுகிற மெஷினைப் பாருங்கள். அப்புறம் போன் செய்யாமல் நேரில் மதுரைக்குப் போய் இரண்டு கடைக்காரர்களையும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் உங்கள் ஸ்வாட்டை நாம் சேர்ந்தே போடலாம்.